ஓரத்து டின்னில் இருந்த பட்டன் ரோஸ்

புகையிலை ஊறுகிற வாசனை வந்தால் போதும், எனக்குச் சப்பரத்துக்கு முன்னால் போகும் பேண்டு மேளம் கேட்கத் தொடங்கிவிடும். இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்றுதான் வீட்டில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள்.

இன்று காலையிலிருந்து பால்கனியில் ஒரு பிளாஸ்டிக் மக்கில் புகையிலைக் காம்பு ஊறிக்கொண்டிருக்கிறது. தண்ணீர் முதலில் டீ நிறத்துக்கு வந்தது, பிறகு கருத்துவிட்டது. கதவைச் சாத்தியும் ஹால் முழுக்கக் காட்டம். மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு, ஆன்லைனில் நல்ல ஸ்ப்ரே வருகிறதே என்கிறாள். வரட்டும். என் பட்டன் ரோஸ் செடியில், இலையும் தண்டும் சேருகிற கவட்டையில், நேற்று ஒரு வெள்ளைப் பஞ்சு தெரிந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தேன். மாவுப்பூச்சி. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நசுக்கினேன். விரலில் பிசுபிசுவென்று ஓர் இளஞ்சிவப்பு. கழுவ மனசு வரவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் வயதுக்காரர்களே, நாம் எல்லோரும் இப்போது மன்னிப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டோம். மூட்டுவலிக்குத் தைலம் தடவுகிற மாதிரி மனசுக்கும் எதையாவது தடவிக்கொள்கிறோம். விடிந்தால் போனில் வருகிற பூப்படங்களில் எல்லாம் மன்னிக்கச் சொல்லித்தான் எழுதியிருக்கிறது. எழுதுகிறவர்கள் எழுதட்டும். நான் இன்று எழுதுவது வேறு சரக்கு.

எங்கள் ஊர், வல்லத்திராக்கோட்டை தாண்டி, டவுன் பஸ் வந்து திரும்பிப் போகிற இடம். மாதா கோயிலைச் சுற்றித்தான் வீடுகள். எங்கள் வீடும் அத்தை வீடும் ஒரே மனையில், நடுவில் நெஞ்சளவுக்கு ஒரு சுவர். அத்தை என்றால் அப்பாவின் அக்கா. கோயிலில் பீடம் அலங்கரிக்கிற பெண்களுக்கு அவள்தான் தலைவி. எந்தத் திருநாளுக்கு எந்தச் சேலையை மாதாவுக்கு உடுத்துவது என்பதிலிருந்து உபதேசியார் மைக்கில் எதை வாசிப்பது என்பது வரைக்கும் அவள் வாயிலிருந்து வர வேண்டும். அம்மா பொன்னமராவதிப் பக்கத்துப் பெண். கல்யாணத்துக்கு முந்தின வாரம் ஞானஸ்நானம் வாங்கியவள். அந்த ஈரம் இன்னும் அவள் தலையில் காயவில்லை என்பதுபோலத்தான் அத்தை கடைசிவரை அம்மாவைப் பார்த்தாள்.

எனக்கு ஒரு தம்பி இருந்தான். மழைக்காலத்தில் பிறந்து அந்த மழை விடுவதற்குள் போய்விட்டான். ஆஸ்பத்திரியில் இருந்த கன்னியாஸ்திரி ஒருத்தர் அவசரமாகத் தலையில் தண்ணீர் ஊற்றி அவனுக்குப் பெயர் வைத்தார். அந்தப் பெயரைப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் சத்தமாகச் சொன்னதில்லை. அம்மா மட்டும் பாத்திரம் கழுவும்போது, தண்ணீர்ச் சத்தத்துக்குள் வைத்துச் சொல்லிக்கொள்வாள்.

அவன் போன பிறகுதான் அம்மா பட்டன் ரோஸ் வளர்க்கத் தொடங்கினாள். பழைய பால் பவுடர் டின்களின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, செம்மண்ணும் சாணித் தூளும் கலந்து, சுவரின் மேல் வரிசையாக வைத்தாள். முழங்கை உயரம் கூட இல்லாத செடிகள். பூ ஒவ்வொன்றும் சட்டைப் பொத்தான் அளவு. சிவப்பு, வெளிர் ரோஸ், மஞ்சள். எதற்கு இத்தனை சின்னப் பூ என்று கேட்டதற்கு அம்மா கோயிலைக் காட்டினாள். மாதாவின் இடது கையில் இருக்கிற குழந்தையேசுவின் கழுத்து என் மணிக்கட்டு அளவுதான். பெரிய ரோஜாவில் மாலை கட்டிப் போட்டால் குழந்தையின் முகம் மூடிவிடும். பட்டன் ரோஸ் என்றால் சரியாக இருக்கும்.

ஆவணியில் மாதா திருவிழா. அன்று பூசை முடிவில் உபதேசியார் உபயதாரர் பெயர்களை வாசிப்பார். மைக் செட் இன்னார், வாணவேடிக்கை இன்னார், சப்பரத்து விளக்கு இன்னார். குழந்தையேசுவின் மாலை என்று சொல்லி என் தம்பியின் பெயரை ஒரே ஒரு தடவை அந்த மைக்கில் வாசிக்க வேண்டும். அம்மாவுக்கு இருந்த ஆசை அவ்வளவுதான். அதற்குமேல் அவள் மாதாவிடமும் கேட்கவில்லை, மனுசரிடமும் கேட்கவில்லை.

முதல் வருடம் கேட்டபோது அத்தை ஒத்துக்கொள்ளவில்லை. செத்த பிள்ளை பெயரைத் திருவிழாவில் வாசிப்பது அபசகுனம் என்றாள். அதோடு அந்த மாலை அவள் வீட்டு வழக்கம் என்றும் சொன்னாள். வழக்கமாக அரளியில் கட்டுகிறவள் அந்த வருடம் பட்டன் ரோஸில் கட்டிக்கொண்டு வந்தாள். அத்தனையும் எங்கள் செடியில் ஒடித்த குச்சிகளை நட்டு வளர்த்த பூ.

இங்கே எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கேட்டு வாங்கி நட்ட குச்சி துளிர்க்காது, கேட்காமல் ஒடித்து வந்ததுதான் துளிர்க்கும் என்று எங்கள் ஊர்ப் பெண்கள் எல்லோரும் நம்பினார்கள். செடித் திருட்டுக்கு மட்டும் சாமியாரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் சொல்ல வேண்டியதில்லை. பறிகொடுத்தவள் கண்டுகொள்ளக் கூடாது, சண்டைக்குப் போகக் கூடாது; போனால் இரண்டு வீட்டுச் செடியும் பட்டுப்போகும். எடுத்தவளும் எங்கே எடுத்தேன் என்று வாயைத் திறக்கக் கூடாது. அதனால் அம்மா பேசாமல் இருந்தாள். மைக்கில் அத்தை பெயரை வாசித்தபோது முக்காட்டைக் கண்வரைக்கும் இழுத்து விட்டுக்கொண்டாள். நான் பக்கத்தில் நின்று அந்த முக்காட்டு ஓரம் ஆடுவதைப் பார்த்தேன்.

அடுத்த வருடம்தான் பூச்சி வந்தது.

ஆடிக் காற்று புழுதியை அள்ளிக்கொண்டு போன சமயம். முதலில் எறும்புதான் வந்தது. டின்னைச் சுற்றிக் கட்டெறும்பு ஏறி இறங்கியது. இலையைத் தொட்டால் சர்க்கரைப் பாகு தொட்டதுபோல் ஒட்டியது. பிறகு கவட்டைகளில் வெள்ளைப் பஞ்சு. மொட்டுக் காம்பைச் சுற்றி மாவு அப்பியதுபோல் வெள்ளை. உறிஞ்சுகிற சத்தம் எதுவும் கேட்கவில்லை. ஆனால் மொட்டு விரியாமல் தலையைத் தொங்கப் போட்டது, இளந்தளிர் முறுக்கிக்கொண்டது. சத்தமில்லாமல் சாறு குடிப்பவர்களை அன்றைக்குத்தான் நான் முதல்முதலாகக் கிட்டத்தில் பார்த்தேன்.

அம்மா போர் தொடுத்தாள். வேறு வார்த்தை இல்லை. சோறு வடித்த கஞ்சியைத் தண்ணீர் விட்டு இளக்கி, மூட்டைப்பூச்சிக்கு மருந்தடிக்கிற தகரக் கைப்பம்பில் ஊற்றி அடித்தாள். அந்தப் பம்பின் கைப்பிடி மரத்தில் நீலப் பெயிண்ட் பாதி உரிந்திருக்கும், இழுக்கும்போது கிழவன் இருமுவதுபோல் சத்தம் வரும். வீடு மாறியதில் எங்கே போனதோ, இப்போது இல்லை. உச்சி வெயிலில் கஞ்சி காய்ந்து தாள் மாதிரி உரியும். பூச்சியும் அதோடு ஒட்டிக்கொண்டு வந்து விழும். அதில் தப்பியதற்குப் புகையிலை. காம்பை ஊறவைத்துக் கொதிக்கவிட்டு, துணியில் வடிகட்டி, துணி சோப்பைச் சீவிப்போட்டுக் கரைப்பாள். கவட்டைக்குள் ஒளிந்திருப்பதற்கு நான். ஈர்க்குச்சி நுனியில் பஞ்சைச் சுற்றி, அந்தக் கஷாயத்தில் தோய்த்து, ஒவ்வொரு கவட்டையாகத் துடைப்பேன். பள்ளிக்கூடத்தில் என் விரல் புகையிலை நாற்றம் அடிக்கிறது என்று டீச்சர் வெளியே நிறுத்தினார். எங்கள் வீட்டில் பீடி சுற்றுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாராம். நான் மறுக்கவில்லை.

செடிகள் தெளிந்துகொண்டிருந்தன. அப்போதுதான் அத்தை சுவருக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். அவள் பக்கத்துச் செடிகளில் பூச்சி இல்லை. எங்கள் டின்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். தெருவில் தண்ணீர்க் குடத்தோடு நின்ற ரெண்டு பெண்களுக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"பெத்ததையே காப்பாத்தத் தெரியாதவ, பூவைக் காப்பாத்தப் போறாளாக்கும்."

அம்மா கஷாயத்தை வடிகட்டிக்கொண்டிருந்தாள். துணியை முறுக்கிப் பிழிந்தாள். சொட்டு நின்ற பிறகும் பிழிந்துகொண்டே இருந்தாள். குடத்தோடு நின்ற பெண்கள் போய்விட்டார்கள், அத்தையும் போய்விட்டாள். அம்மாவின் கை மட்டும் நிற்கவில்லை.

அந்த வாரம் பொன்னமராவதியிலிருந்து சித்தி வந்தாள். சந்தையில் வாங்கியது என்று ஒரு புது ஜாதிச் செடியைக் கொடுத்தாள். பால்வெள்ளை இதழ், விளிம்பில் மட்டும் குங்குமம் தொட்ட மாதிரி சிவப்பு. தெருவே வந்து பார்த்தது. அத்தை வரவில்லை, ஆனால் அவள் வீட்டுச் சமையலறை ஜன்னல் அன்று முழுக்கத் திறந்தே இருந்தது.

அம்மா அந்தச் செடியை, பூச்சி அதிகமாக அப்பியிருந்த ஒரு பழைய செடியோடு ஒட்டி வைத்தாள். சில நாளில் புதுச்செடிக்கும் பஞ்சு ஏறியது. நான் ஈர்க்குச்சியை எடுத்துக்கொண்டு ஓடினேன். அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். பழைய செடியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சுத்தம் பண்ணினாள். புதுச்செடியைத் தனியாக, சுவரின் கடைசி ஓரத்தில், அத்தை கை எட்டுகிற இடத்தில் வைத்தாள். அதற்குக் கஞ்சியும் இல்லை, புகையிலையும் இல்லை. பம்பில் வெறும் பச்சைத் தண்ணீரை நிரப்பி வேகமாக அடித்தாள். பஞ்செல்லாம் கழுவிக்கொண்டு போய்விட்டது. தண்டு பச்சையாக, தளதளவென்று, பிள்ளையைக் குளிப்பாட்டித் துடைத்த மாதிரி நின்றது. ஆனால் கவட்டைக்குள், கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகள் அப்படியேதான் இருக்கும். எனக்கே தெரியும் அது. அடுத்த வாரம் மறுபடி பஞ்சு கட்டும். மறுபடி வெறும் தண்ணீரில் கழுவுவாள்.

"இதுக்கு மட்டும் ஏம்மா மருந்து அடிக்கல?"

"அது விருந்தாளிக்கு," என்றாள் அம்மா.

பெரியவர்கள் எவ்வளவு தப்பாகக் கணக்குப் போடுவார்கள் என்பதற்கு அப்பா ஒருத்தர் போதும். ஊரே மெச்சிய செடியை அக்கா வீட்டுப் பக்கம் கொண்டுபோய் வைத்திருக்கிறாளே, மனசு மாறிவிட்டாள் என்று அவர் பூரித்துப்போனார். டீக்கடையில் சொல்லியிருக்கிறார். அது உபதேசியார் காதுக்குப் போய், சாயங்கால செபத்தில், தன்னிடம் உள்ளதில் சிறந்ததைச் சகோதரியின் கண்முன் வைத்த பெண் என்று பெயர் சொல்லாமல் அம்மாவைப் புகழ்ந்தார். அம்மா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். அவள் தோள் லேசாகக் குலுங்கியது. அழுகிறாள் என்று பின்வரிசைப் பெண் முதுகைத் தடவிக்கொடுத்தாள். எனக்கு அம்மாவின் முகம் தெரிந்தது. அது அழுகை இல்லை.

ஒருநாள் உச்சிப்பொழுதில் செடியைத் தண்ணீரடித்துக் கழுவி, காய்ந்த பிறகு, அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு ரேஷன் கடைக்குக் கிளம்பினாள். வாசலில் நின்று, கூட்டமாக இருக்கும், வர நேரமாகும் என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் உரக்கச் சொல்லிவிட்டு வந்தாள். திரும்பி வந்து பார்த்தபோது ஓரத்து டின்னில் ஒரு நல்ல கிளையைக் காணோம். ஒடித்த இடத்தில் பச்சை ஈரம் இன்னும் காயவில்லை. அம்மா அந்த ஈரத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு மிச்சச் செடியை வேரோடு பிடுங்கி அடுப்பில் போட்டாள். மண்ணை வெந்நீர் ஊற்றிக் கொட்டினாள். அன்று வாரநாள்தான், ஆனால் எங்கள் வீட்டில் மீன் குழம்பு.

தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்றால் அத்தையின் கொல்லை தெரியும். குச்சியை அவள் தன் ரோஜா வரிசைக்கு நடுவில் நட்டு, வெயில் படாமல் ஒரு கண்ணாடி பாட்டிலைக் கவிழ்த்திருந்தாள். பாட்டிலுக்குள் ஆவி படிந்திருந்தது. பூச்சிக்கு அதைவிடச் சுகமான வீடு கிடைக்காது. தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் தொட்டி மேல் ஏறினேன். முதலில் எறும்பு வந்தது. அப்புறம் பாட்டிலை எடுத்துவிட்டாள். அப்புறம் அந்த வெள்ளை, ஒரு டின்னிலிருந்து அடுத்த டின்னுக்கு, மெதுவாக, பூசை வரிசையில் நகர்கிற ஜனம் மாதிரி நகர்ந்தது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் அதற்குப் பிறகு பரீட்சையில் பாஸானபோதும் வந்ததில்லை, கல்யாணத்திலும் வந்ததில்லை.

அத்தை திணறினாள். மருமகன் வாங்கிவந்த யூரியாவைப் போட்டாள். செடி மதமதவென்று தளிர்விட, பூச்சிக்கு விருந்து கூடியது. தண்ணீர் எடுக்க வந்தவளின் கண்ணைக் குறை சொன்னாள். கோயில் தீர்த்தத்தைக் கொண்டுவந்து செடிக்கு மேல் தெளித்தாள். மந்திரித்த உப்பை வேரில் போட்டாள், ரெண்டு செடி அதிலேயே கருகியது. மருந்து தெரிந்த ஒரே ஆள் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தாள். கேட்டால் குச்சி எங்கேயிருந்து வந்தது என்ற பேச்சு வரும்.

எங்களுக்கும் பயம் இல்லாமல் இல்லை. எறும்புகள் சுவர் ஏறி வந்தன. வாயில் குஞ்சைக் கவ்விக்கொண்டு வரும் என்று அம்மா சொன்னாள். சுவரின் உச்சியில் விளக்கெண்ணெயும் மாட்டுவண்டி மசகும் கலந்து நீளமாகப் பூசினாள். நான் காலையிலும் சாயங்காலமும் காவல். திருவிழாக் கொடி ஏறிய வாரத்தில் மொட்டுகள் நிறம் காட்டத் தொடங்கிவிட்டன. ஒரு காலை, சிவப்பு மொட்டு ஒன்றின் கழுத்தில் பஞ்சு. அம்மா அந்த மொட்டைக் காம்போடு கிள்ளித் தணலில் போட்டாள். மற்ற எல்லாவற்றையும் புகையிலைத் தண்ணீரில் மறுபடி குளிப்பாட்டினோம். அது கடைசி. அதன் பிறகு ஒன்றும் தாண்டி வரவில்லை.

திருவிழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம், வாசல் வழியாக, கையில் பித்தளைத் தட்டோடு அத்தை வந்தாள். எனக்கு விவரம் தெரிந்து அவள் எங்கள் வாசல்படி ஏறியது அன்றைக்குத்தான். அப்பா எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை.

"எஞ் செடியெல்லாம் போச்சு. டவுன்ல வாங்கியாந்த ரோஸு பெருசு. பிள்ளை மொகமே மறைஞ்சு போகுது. ஒஞ் செடியில இருக்கறதக் குடு, இங்கிட்டே கட்டி எடுத்துக்கிறேன்."

அப்பா, கொடு என்று கண்ணால் சொன்னார். அம்மா அவரைப் பார்க்கவே இல்லை.

"பூவும் தாரேன், மாலையும் நானே கட்டித் தாரேன் மதினி. பேரு யாரு பேருன்னு வாசிப்பாங்க?"

அத்தை அப்பாவைப் பார்த்தாள். அப்பா தரையைப் பார்த்தார். வெளியே சீரியல் செட் கட்டுகிறவர்கள் பல்பை எரியவிட்டு அணைத்துக்கொண்டிருந்தார்கள்.

"சரி. பிள்ளை பேரையே வாசிக்கச் சொல்றேன்."

"எந்தப் பிள்ளை?"

"அதான்... ஒம் பிள்ளை."

"அவனுக்கு ஒரு பேரு இருக்கு மதினி. சொல்லுங்க."

பித்தளைத் தட்டு அவள் கையில் சாய்ந்தது. பல்புகள் மறுபடி எரிந்தன. அத்தை என் தம்பியின் பெயரைச் சொன்னாள். எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளை மாதிரி மெதுவாகச் சொன்னாள். அம்மா தலையசைத்தாள்.

"இதே மாதிரி போய் உபதேசியார்ட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா அவரு வாசிக்க மாட்டாரு."

அத்தை அப்படியே கோயிலுக்குப் போனாள். நான் பின்னாலேயே போய், பீடத்துக்குப் பக்கத்தில் பூசைச் சாமான் வைக்கிற சக்கிரீஸ்து அறைக் கதவோரம் நின்று கேட்டுவிட்டு வந்தேன். சொன்னாள்.

மறுநாள் பூசையில் மைக் செட்டுக்கும் வாணவேடிக்கைக்கும் நடுவில், குழந்தையேசுவின் மாலை என்று சொல்லி, உபதேசியார் அந்தப் பெயரை வாசித்தார். குழாய் ஒலிபெருக்கியில் போய் அது கண்மாய்க்கரை வரைக்கும் கேட்டிருக்கும். இங்கே அதை எழுதமாட்டேன். அம்மா முக்காட்டைப் பின்னுக்குத் தள்ளினாள். அத்தை நின்ற பக்கம் திரும்பி, அவள் கண் தாழ்கிற வரைக்கும் பார்த்தாள். அதற்கு முன்பு, சமாதானம் பகிர்ந்துகொள்ளச் சாமியார் சொன்னபோதே அம்மா எனக்கு மட்டும்தான் கைகூப்பியிருந்தாள்.

இரண்டு பேருமே இப்போது இல்லை. அத்தை அடக்கத்துக்குப் போனேன். எல்லோரும் ரோஜா வைத்தார்கள். நான் சாமந்தி வைத்துவிட்டு வந்தேன்.

அந்தத் திருவிழா முடிந்த கையோடு, மகளின் பிரசவத்துக்காக அத்தை திருச்சிக்குப் புறப்பட்டாள். பஸ் திரும்பி நின்றது. அப்பா பெட்டியை ஏற்றினார். அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்து யாரையும் பார்க்காமல் ஜெபமாலையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். அம்மா ஈரச்சாக்கு சுற்றிய ஒரு டின்னோடு வந்தாள். உள்ளே வேர் பிடித்த பட்டன் ரோஸ், சிவப்பு. ஒரு பூச்சி கிடையாது. கவட்டை கவட்டையாக நான்தான் பார்த்துக் கொடுத்தேன். அம்மா அதை ஜன்னல் வழியாக அவள் மடியில் வைத்தாள். கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் அசைந்தது. அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி கூடவே நடந்து, எட்டிச் சொன்னாள்.

"அடுத்த தடவ கேளுங்க மதினி. கேட்டு வாங்குனாலும் துளிர்க்கும்."